வேம்பில் எதை எடுப்பது? இலை, பூ, கொட்டை, எண்ணெய் – ஓர் ஒப்பீடு

போன வாரம் அக்கா மகள் போன் செய்தாள். அவள் குழந்தைக்கு ஏழு மாதம். உச்சந்தலையில் மஞ்சளாகப் பொருக்குத் தட்டியிருக்கிறது, கூடவே கொஞ்சம் சளி. "சித்தி, அத்தை வேப்பெண்ணெய் தடவச் சொல்றாங்க. கீழ்வீட்டுப் பாட்டி வேப்பிலையை அரைச்சுப் போடுன்னு சொல்றாங்க. சளிக்கு அதே எண்ணெயில ரெண்டு சொட்டு வாயில விட்டாப் போதும்னு இன்னொருத்தர். யார் சொல்றதைக் கேக்கறது?"

மூன்று பேர் சொன்னதும் வேம்புதான். ஆனால் இலையை அரைத்துப் போட்டால் பெரிய நன்மையும் இல்லை, பெரிய கெடுதலும் இல்லை. எண்ணெயைத் தலையில் தடவினால் பொருக்கு அதிகமாகவும் வாய்ப்பு உண்டு. வாயில் விட்டால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிவரலாம். ஒரே மரத்தின் மூன்று சரக்குகளுக்குள் இத்தனை தூரம். அவளுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

வேம்பின் குணம் எல்லாம் அதன் கசப்பில் இருக்கிறது. அந்தக் கசப்பைத் தருபவை லிமோனாய்டுகள். எலுமிச்சை விதையைத் தெரியாமல் கடித்துவிட்டால் நாக்கில் ஏறும் கசப்பும் இந்தக் குடும்பம்தான். மரம் முதலில் 30 கார்பன் அணுக்கள் கொண்ட மூலக்கூறைக் கட்டுகிறது. பிறகு நான்கைக் கழித்துவிட்டு 26 கார்பன் கொண்ட எலும்புக்கூட்டை வைத்துக்கொள்கிறது. அதன்மேல் என்னென்ன வந்து ஒட்டுகிறது என்பதைப் பொறுத்து நிம்பின், நிம்போலைடு, சலானின், ஜெடுனின், அசாடிராக்டின் என்று ஒரு பெரிய கூட்டமே உருவாகிறது. 1942-இல் சலீமுஸ்ஸமான் சித்திகி வேப்பெண்ணெயிலிருந்து நிம்பின், நிம்பினின், நிம்பிடின் ஆகியவற்றைத் தனித்தனியாகப் பிரித்தெடுத்தார். வேம்பின் வேதியியல் முறையாகத் தொடங்கியது அங்கேதான்.

இந்தக் கூட்டம் மரம் முழுக்க ஒரே மாதிரி பரவிக் கிடக்கவில்லை. இலையில் நிம்போலைடும், குவெர்செட்டின் போன்ற ஃபிளேவனாய்டுகளும் தலைதூக்கி நிற்கின்றன. அசாடிராக்டின் கொட்டைக்குள் இருக்கும் பருப்பில்தான் குவிந்திருக்கிறது. பருப்பை ஆட்டினால் வரும் எண்ணெய், பெயருக்கு வேம்பு என்றாலும், பெரும்பங்கு சாதாரணக் கொழுப்புதான். ஒலியிக், ஸ்டியரிக், பால்மிட்டிக், லினோலியிக் அமிலங்கள். அதில் கசப்புப் பொருள்களும் கந்தகச் சேர்மங்களும் சிறு அளவில் கரைந்திருக்கின்றன. அந்தப் பூண்டு வாடை கந்தகத்தின் வேலை.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு தோலுக்கு வருவோம்.

தோலுக்கு இலையா எண்ணெயா என்று கேட்டால் நான் முக்கால்வாசி நேரம் இலை என்றே சொல்வேன். சொறி சிரங்குக்கு வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவது நம் வீடுகளில் காலங்காலமாக நடப்பது. அதையே மருத்துவ முறையில் பார்த்த ஒரு முன்னோட்ட ஆய்வு 1992-இல் வெளிவந்தது. 814 பேருக்கு இந்த விழுதைப் பூசினார்கள். 3 முதல் 15 நாட்களுக்குள் 97 சதவீதம் பேருக்குக் குணமானது. முன்னோட்ட ஆய்வு என்பதால் இதை முடிந்த தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பெர்மெத்ரின் க்ரீம் கிடைக்கும் இடத்தில் முதலில் அதைத்தான் போட வேண்டும், வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் போட வேண்டும். ஆனால் க்ரீம் கைக்கு வரும்வரை அரிப்போடு உட்கார்ந்திருப்பவருக்கு இந்த விழுது நல்ல துணை. முதலில் முழங்கையின் உட்பக்கம் ஒரு பொட்டு வைத்து ஒரு நாள் பாருங்கள். வேப்பிலைக்கும் ஒவ்வாமை வரும் ஆட்கள் உண்டு.

பொடுகு விஷயத்தில்தான் நிறையப் பேர் தவறாகத் தேர்வு செய்கிறோம். பொடுகுக்குப் பின்னால் இருப்பது மலசீசியா என்ற ஈஸ்ட். அது எண்ணெயைத் தின்று வாழ்வது. எண்ணெயை உடைத்துத் தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலங்களை எடுத்துக்கொண்டு ஒலியிக் அமிலத்தை மிச்சம் வைக்கிறது. பொடுகு வரும் தலைக்கு அந்த ஒலியிக் அமிலம்தான் எரிச்சலையும் செதிலையும் தருகிறது. வேப்பெண்ணெயில் அதிகம் இருப்பதும் அதே ஒலியிக்தான். ராத்திரி முழுக்கத் தலையில் ஊற வைத்தால் ஈஸ்டுக்கு நாமே சாப்பாடு போட்ட மாதிரி ஆகிவிடும். வேப்பிலையைக் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் தலையை அலசுவது எவ்வளவோ மேல். அதிலும் குறையாவிட்டால் கீட்டோகோனசோல் ஷாம்பு. குழந்தையின் தலைப் பொருக்கிலும் இதே ஈஸ்டின் பங்கு இருப்பதால், அங்கே வேப்பெண்ணெய் வேண்டவே வேண்டாம் என்றேன். குழந்தைகளுக்கான ஷாம்பு, இளஞ்சூடான தண்ணீர், மெல்லிய பிரஷ் போதும். பெரும்பாலும் தானாகவே உதிர்ந்துவிடும்.

எண்ணெய் ஜெயிக்கும் இடம் பேன். அங்கே அதன் பிசுபிசுப்பே உதவி. பேனை மூடி மூச்சுத் திணற வைக்கிறது, சீப்பு வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. பேனின் முட்டை சாகாது என்பதால் ஒரு வாரம் பத்து நாள் கழித்துத் திரும்பவும் செய்ய வேண்டும். பெரியவர்களும் வளர்ந்த பிள்ளைகளும் ஒரு பங்கு வேப்பெண்ணெயை ஒன்பது பங்கு தேங்காய் எண்ணெயில் கலந்து பூசினால் போதும்.

அம்மை பற்றியும் சொல்ல வேண்டும். வேப்பிலைப் படுக்கை வைரஸைக் கொல்வதில்லை. ஆனாலும் அதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. கொத்தால் மெல்ல வருடிவிடும்போது அரிப்பு அடங்குகிறது, பிள்ளை நகத்தால் கீறாமல் இருக்கிறது. கீறாவிட்டால் சீழ் பிடிக்காது, தழும்பும் குறையும். அம்மாவோ பாட்டியோ பக்கத்தில் உட்கார்ந்து வருடிவிடுவதும் சும்மா இல்லை. ஆனால் பெரியவர்களுக்கோ கர்ப்பிணிக்கோ அம்மை போட்டால் வேப்பிலையோடு நிற்கக் கூடாது. வைரஸை அடக்கும் அசைக்ளோவிர் மாத்திரை கொப்புளம் தெரிந்த முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். தண்ணீர் ஊற்றும்வரை டாக்டரிடம் போகாமல் இருந்தால் அந்த நேரம் போய்விடும்.

பல்லுக்கு வந்தால், "ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்பதில் வரும் வேல் வேப்பமரம் என்று பலர் நினைக்கிறார்கள். அது வேலமரம். ஆனாலும் வேப்பங்குச்சிக்கும் நல்ல பெயர்தான். மணிப்பாலில் வேப்பிலைச் சாறு கலந்த ஜெல்லைக் குளோர்ஹெக்சிடின் வாய்க்கழுவியோடு ஒப்பிட்ட ஆறு வார ஆய்வு 2004-இல் வந்தது. பல்லில் படியும் காறையை ஜெல் நன்றாகவே குறைத்தது. ஈறுக்கு வேம்பு உதவும் என்பதை நம்பலாம். சொத்தைக்கு அது போதாது. எனாமலைத் திரும்பக் கெட்டிப்படுத்த ஃப்ளூரைடு வேண்டும், அது குச்சியில் இல்லை. காலையில் குச்சி பிடித்தவர்கள் மெல்லட்டும், ராத்திரி படுக்கும்முன் ஃப்ளூரைடு பேஸ்ட் போட்டுத் தேய்த்துவிட வேண்டும்.

இனி உள்ளே சாப்பிடும் விஷயம். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன்.

பூ பயப்படாமல் சாப்பிடக்கூடியது. சித்திரையில் பச்சடி, நெய்யில் வறுத்துப் போட்ட ரசம் என்று நம் சமையலுக்குள் வந்த பகுதி அது. கசப்பு மிதமானது, அளவும் ஒரு பிடிக்குமேல் போகாது. வயிறு மந்தமாக இருக்கும் நாளில் அந்த ரசத்துக்கு ஈடு எதுவும் எனக்குத் தெரியாது.

கொழுந்து அதற்கு அடுத்த படி. எப்போதாவது நாலைந்து கொழுந்தை மென்று விழுங்குவதில் ஒன்றும் இல்லை. தினமும் ஒரு டம்ளர் சாறு என்று மாதக்கணக்கில் குடிப்பது வேறு. வேப்பிலை சர்க்கரையைக் கொஞ்சம் இறக்கும். ஏற்கெனவே மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு இரண்டும் சேர்ந்து தாழ்சர்க்கரையில் கொண்டுபோய் விடலாம். சர்க்கரைக்காக வேப்பிலை சாப்பிட்டே தீருவேன் என்பவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள், மறைக்காதீர்கள். கர்ப்பிணிகளும், குழந்தைக்காக முயன்றுகொண்டிருப்பவர்களும் இலைச்சாறு, எண்ணெய் இரண்டையும் உள்ளே எடுக்க வேண்டாம். வேப்பெண்ணெய் விந்தணுவைச் செயலிழக்கச் செய்யும். அந்தக் குணத்தை வைத்தே டெல்லியில் உள்ள தேசிய நோயெதிர்ப்பியல் நிறுவனத்தில் ஜி.பி. தல்வார் குழுவினர் கருத்தடை முறைகளை ஆராய்ந்தார்கள்.

எண்ணெயை வாய்வழியாக யாருக்கும் தரக் கூடாது. குழந்தைக்குக் கனவிலும் தரக் கூடாது. 1981-இல் லான்செட் மருத்துவ இதழில் மலேசியாவிலிருந்து ஒரு அறிக்கை வந்தது. சின்ன நோய்களுக்காக வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட கைக்குழந்தைகள் சில மணி நேரத்துக்குள் வாந்தி, மயக்கம், மூச்சிரைப்பு, வலிப்பு என்று ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். ஈரலில் கொழுப்பு படிந்து, மூளை வீங்கும் ரெய் நோய்க்குறி போன்ற நிலை. கொடுத்தது லிட்டர் கணக்கில் இல்லை, சில மில்லி லிட்டர்தான். பாட்டி அன்போடு கொடுத்தாலும் குழந்தையின் ஈரல் அதே பாடுதான் படும். அக்கா மகளிடம் எண்ணெய்ப் புட்டியைக் குழந்தைக்கு எட்டாத அலமாரியில் வைக்கச் சொன்னேன், அத்தையிடமும் பக்குவமாக எடுத்துச் சொல்லச் சொன்னேன். சளி நெஞ்சில் கட்டி மூச்சு வேகமானாலோ, பால் குடிக்க மறுத்தாலோ குழந்தை டாக்டர்.

"வேம்பு மலேரியாவைக் கொல்லும், புற்றுநோயைக் கொல்லும்" என்றும் அடிக்கடி பகிரப்படுகிறது. ஜெடுனின் சோதனைக்குழாயில் மலேரியா ஒட்டுண்ணியை அடக்குவது உண்மை. அதையே மலேரியா வந்த எலிக்குக் கொடுத்தபோது பெரிதாக வேலை செய்யவில்லை. நிம்போலைடு ஆய்வகத்தில் புற்றணுக்களைத் தடுக்கிறது. அதிலிருந்து ஒரு மருந்து வரலாம், வந்தால் எனக்குத்தான் முதல் சந்தோஷம். இன்றைக்கு அப்படி ஒரு மருந்து இல்லை. குடலில் உறிஞ்சப்பட்டு, ஈரலைத் தாண்டி, தேவையான அளவில் ரத்தத்தில் நின்றால்தான் அது மருந்து. கிண்ணத்தில் கொன்றதை வைத்துக் காய்ச்சலுக்குக் கஷாயம் குடித்துக்கொண்டு ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

பட்டையை விட்டுவிடுங்கள். சித்த மருத்துவர் பார்த்துக் கொடுத்தால் அவர் பாடு. வீட்டுக்காரர் சுற்றிலும் உரித்தால் மரம் பட்டுப்போகும்.

இன்னொன்று, பறிக்கும் இலை வேம்புதானா என்று பாருங்கள். மலைவேம்பு வேறு பேரினம், அதே பேரினத்தைச் சேர்ந்த இன்னொரு மரத்தின் பழம் விஷம். வேம்பில் ஒரே காம்பின் இரண்டு பக்கமும் அரிவாள் மாதிரி வளைந்த, ஓரம் பல் பல்லான இலைகள் நேரடியாக வரிசை கட்டும். அந்த இரண்டிலும் காம்பே கிளைத்து, கிளையில்தான் இலை இருக்கும். ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது.

சரி, செடிக்கு வருவோம். வேம்பின் வேதியியல் முழு வீச்சில் வேலை செய்வது மனித உடம்பில் இல்லை, பூச்சியின் உடம்பில்தான் என்பது என் எண்ணம்.

1959-இல் சூடானில் வெட்டுக்கிளிப் படை வந்து பச்சையை எல்லாம் மொட்டையடித்துவிட்டுப் போனபோது வேப்பமரம் மட்டும் இலையோடு நின்றதை ஜெர்மன் பூச்சியியலாளர் ஹைன்ரிச் ஷ்முட்டரர் கவனித்தார். 1968-இல் இங்கிலாந்தில் வேப்பங்கொட்டையிலிருந்து அசாடிராக்டின் பிரித்தெடுக்கப்பட்டது. 35 கார்பன், 44 ஹைட்ரஜன், 16 ஆக்சிஜன். அதன் வடிவம் இதுதான் என்று உறுதிசெய்ய 1985 வரை ஆனது. ஆய்வகத்தில் அதைக் கட்டி முடிக்கக் கேம்பிரிட்ஜில் ஸ்டீவன் லே குழுவுக்கு 22 வருஷம் பிடித்தது. முடித்தது 2007-இல். நம் தெருமுனையில் நிற்கும் மரம் வருஷா வருஷம் ஆனி ஆடியில் சத்தமில்லாமல் அதைச் செய்து கீழே உதிர்த்துவிடுகிறது. நினைத்தால் எனக்கு இன்னமும் சிலிர்க்கும்.

அசாடிராக்டின் பூச்சியை உடனே கொல்லாது. முதலில் தின்ன விடாது. தின்ற புழுவுக்குத் தோலுரிக்கத் தேவையான ஹார்மோன் சுரப்பைக் குலைத்துவிடும். பழைய தோலுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு புழு சாகும். இதற்கு மூன்று நாலு நாள் ஆகும். மறுநாளே போய்ப் பார்த்துவிட்டு "வேம்பு வேலைக்கு ஆகாது" என்று விஷ மருந்தை எடுப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பார்க்க வேண்டியது புழுவை அல்ல, இலையில் புது ஓட்டை விழுகிறதா என்பதை.

இப்போது தேர்வு: எண்ணெயா, பருப்புக் கரைசலா, கடைப் புட்டியா?

அசாடிராக்டின் கொழுப்பைவிடத் தண்ணீர், ஆல்கஹால் பக்கம் சாயும் மூலக்கூறு. அதனால் பருப்பைச் செக்கில் ஆட்டும்போது எண்ணெயோடு கொஞ்சம்தான் வெளியே வரும், பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கிவிடும். அப்படியென்றால் வேப்பெண்ணெய் தெளிப்பது வீணா? இல்லை. எண்ணெய் பூச்சியின் மேல் படலமாகப் படிந்து மூச்சுத் துளைகளை அடைக்கிறது. அசுவினி, மாவுப்பூச்சி, வெள்ளை ஈயின் குஞ்சுகள் போன்ற மெல்லுடலிகளுக்கு அது போதும். சாம்பல் நோய்ப் பூஞ்சைக்கும் எண்ணெய்தான் சரி. வேப்பெண்ணெய்ச் சாற்றைப் பூஞ்சைக்கு எதிராகப் பயன்படுத்துவதற்குத்தான் அமெரிக்க வேளாண்மைத் துறையும் டபிள்யூ.ஆர். கிரேஸ் நிறுவனமும் ஐரோப்பாவில் காப்புரிமை வாங்கியிருந்தன. நம் விவசாயிகளுக்கு முன்பே தெரிந்த விஷயம் என்று சூழலியல் செயற்பாட்டாளர் வந்தனா சிவா உள்ளிட்டோர் வழக்காடினார்கள். 2000-இல் காப்புரிமை ரத்தானது, 2005-இல் மேல்முறையீடும் தள்ளுபடியானது.

இலை தின்னும் புழுவுக்கு எண்ணெய் பலவீனம். அங்கே பருப்புக் கரைசல். வயலுக்குச் சொல்லப்படும் 5 சதவீத அளவு, 100 லிட்டருக்கு 5 கிலோ பருப்பு. மாடித்தோட்டத்துக்கு ஒரு லிட்டருக்கு 50 கிராம். பருப்பை இடித்து, துணியில் முடிந்து, கொஞ்சம் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறப்போட வேண்டும். காலையில் பிழிந்தால் பால் மாதிரி இறங்கும். மூடி வைத்து, மாலையில் ஒரு லிட்டராக்கி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து, இலையின் அடிப்பக்கம் நனையத் தெளித்துவிட வேண்டும். வைத்திருந்து மறுநாள் அடித்தால் வீரியம் இருக்காது.

கடைப் புட்டியில் 300, 1500, 10,000 பிபிஎம் என்று போட்டிருக்கும். அது பத்து லட்சம் பங்கில் அசாடிராக்டின் எத்தனை பங்கு என்ற அளவு. வெறும் "வேப்பெண்ணெய்" என்று மட்டும் எழுதி பிபிஎம் போடாத புட்டியை எண்ணெயாகவே எடுத்துக்கொள்ளுங்கள், புழு மருந்தாக நினைக்காதீர்கள். தயாரித்த தேதியைப் பாருங்கள், கடை வாசலில் வெயில் படும் அலமாரியில் இருந்ததை வாங்காதீர்கள். அசாடிராக்டின் வெளிச்சத்தில் சிதையும். தெளித்த இலையிலும் சில நாள்தான் தாங்கும், ஒரு வாரம் பத்து நாளில் திரும்ப அடிக்க வேண்டும். கொட்டை சேகரிக்க வழியில்லாத நகரத்து வீட்டுக்கு 1500 பிபிஎம் போதுமானது. மரம் இருக்கும் வீட்டுக்குப் பருப்புக் கரைசலைவிட மேலான தேர்வு இல்லை. பருப்பில் அசாடிராக்டினோடு சலானின், நிம்பின் என்று மற்றவையும் சேர்ந்தே வருகின்றன.

எண்ணெய் கலக்கும்போது ஒரு தவறு நான் செய்திருக்கிறேன். தண்ணீரில் நேராக எண்ணெயை ஊற்றிக் குலுக்கி, காலை பத்து மணிக்கு மிளகாய்ச் செடிக்கு அடித்தேன். மேலே மிதந்த எண்ணெய் கடைசியில் நான்கு செடியின் மேல் மட்டும் மொத்தமாக இறங்கியது. சாயங்காலம் இலை விளிம்பெல்லாம் வெந்த மாதிரி சுருண்டிருந்தது. இப்போது 5 மில்லி எண்ணெயில் முதலில் சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு விரலால் குழைக்கிறேன். பழுப்பு நிறம் மாறி வெள்ளையாக வந்த பிறகே ஒரு லிட்டர் தண்ணீர். மேலே ஒரு எண்ணெய்ச் சொட்டு மிதந்தாலும் அடிக்க மாட்டேன். வெயில் தாழ்ந்த பிறகுதான் தெளிப்பு, விரிந்த பூவின் மேல் படாமல். அந்த நேரத்தில் தேனீயும் கூடு திரும்பியிருக்கும்.

பழம் உதிரும் பருவம் ஆனி ஆடி. தார்பாயோ பழைய சேலையோ மரத்தடியில் விரித்துவிட்டால் மண் ஒட்டாமல் கிடைக்கும். மஞ்சளாகப் பழுத்ததை அன்றன்றைக்கே எடுத்து, சதையைத் தண்ணீரில் கசக்கி நீக்கி, கொட்டையை நிழலில் உலர்த்துங்கள். ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சை பிடிக்கும். அஃப்ளடாக்சின் நஞ்சை உண்டாக்கும் பூஞ்சைக்கு வேப்பங்கொட்டை ரொம்பப் பிடித்த இடம். பிளாஸ்டிக் பை வேண்டாம், சணல் சாக்கோ துணிப்பையோ போதும். மூன்று மாதம் கழித்து உடைக்கத் தொடங்கலாம், எட்டுப் பத்து மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். உடைக்கும்போது பருப்பு லேசான பச்சை கலந்து இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், கறுத்திருந்தால் தள்ளிவிடுங்கள்.